கேட்பதற்கு ஒரு சபை: நெடுநாள் பிரதிநிதியும் மயிலாடுதுறைத் தொகுதியும்

ஐப்பசி மாதம் முழுவதும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் காவிரி நீராடுவது புண்ணியம் என்றும், அம்மாதத்தின் கடைசி நாளில் வருகிற கடைமுழுக்கு அவை எல்லாவற்றிலும் சிறந்தது என்றும் போற்றுகிற நம் ஊர் மரபில், அந்தக் கடைமுழுக்குக்கும் வந்து சேர இயலாமற்போன கால் ஊனமுற்ற அடியவன் ஒருவனுக்காக இறைவன் கார்த்திகை முதல் நாளையும் அருளினான் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்த நாளைய நீராட்டுக்கு முடவன் முழுக்கு என்று பெயர். தெய்வத்தின் சந்நிதியில் தாமதமாக வந்தவனுக்கும் பலன் குறைவதில்லை. ஜனநாயகத்தில் அந்தச் சலுகை இல்லை. "இத்தனை ஆண்டுகள் எங்கள் சார்பில் டில்லியில் இருந்தீர்களே, எங்களுக்காக என்ன சாதித்தீர்கள்?" என்று ஒரு நெடுநாள் பிரதிநிதியைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி, அவருடைய கட்சிக்குள்ளேயே, அபேட்சகர் யார் என்பது நிச்சயமாவதற்கு முன்னரே, அவரோடு ஒத்த கொள்கையுடைய ஒருவர் வாயிலாகவே கேட்கப்பட வேண்டியது. நம் நாட்டிலோ அது கூட்டணி பேசி, தொகுதிப் பங்கீடு முடிந்து, சுவரெழுத்துக்கள் எழுதப்பட்ட பிறகு, அடுத்த பிரதமர் யார், எந்த அலை வீசுகிறது என்னும் பெரிய கேள்விகளின் பின்னால் நொண்டிக்கொண்டு வந்து சேர்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு தனித் தேர்தலை ஏற்படுத்தியிருக்கிறார்கள். கட்சியின் அபேட்சகரைத் தலைவர்கள் மூடிய அறையில் நியமிக்கக் கூடாது, வாக்காளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இயக்கம் விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் லா ஃபாலெட்டின் தலைமையில் வலுப்பெற்று, 1903-இல் அங்கே சட்டமாயிற்று. மாநிலச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்துவந்த செனட்டர்களை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1913-இல் அரசியல் சட்டத்தின் பதினேழாவது திருத்தத்தால் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததன் விளைவு, எவ்வளவு மூத்த செனட்டராயினும், பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சியைச் சந்திப்பதற்கு முன்னால், தம் கட்சியைச் சேர்ந்த இளையவர் ஒருவர் எதிரே வந்து நின்று கணக்குக் கேட்கக்கூடும் என்ற நிலை. அந்தப் போட்டியை முதற்கட்டத் தேர்தல் என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன.

இந்தப் பரீட்சை எப்போதும் நியாயமான முடிவையே தந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. இந்தியானா மாநிலத்தின் ரிச்சர்ட் லூகர் 1977 முதல் செனட்டில் இருந்தவர். சோவியத் யூனியன் சிதறிய காலத்தில் அங்கே கிடந்த அணு ஆயுதங்களைக் கலைத்தழிப்பதற்கு அமெரிக்க உதவியை வழிசெய்த நன்–லூகர் திட்டத்தின் கர்த்தாக்களில் ஒருவர். உலக க்ஷேமத்துக்காக அவர் செய்த காரியம் அளவிடற்கரியது. ஆயினும் 2012 மே மாதம் அந்த மாநிலத்தின் பொக்கிஷ அதிகாரியான ரிச்சர்ட் மர்டாக் அவரை எதிர்த்து நின்றபோது, லூகருக்குச் சொந்த மாநிலத்தில் ஒரு வீடுகூட இல்லை என்பதும், எதிர்க்கட்சியோடு மிகவும் இணங்கிப்போகிறார் என்பதும் பெரும் குற்றச்சாட்டுகளாகி, முப்பத்தைந்து ஆண்டு அநுபவம் தோற்றது. நவம்பரில் அந்த மர்டாக்கும் எதிர்க்கட்சியிடம் தோற்றார். மாறாக, 1976 முதல் அமெரிக்கக் காங்கிரஸில் இருந்துவந்த மாசச்சூசெட்ஸ் செனட்டர் எட் மார்க்கியை 2020-இல், கென்னடி குடும்பத்து இளைஞர் ஒருவர், இவர் மாநிலத்துக்கு வருவதே அரிது, இவருடைய செயற்றிறன் போதாது என்று சொல்லி எதிர்த்தபோது, மார்க்கி தாம் செய்த காரியங்களையும் ஏற்ற கொள்கைகளையும் வரிசையாக எடுத்துரைத்து வென்றார். ஒருவர் வீழ்ந்தார், ஒருவர் நிலைத்தார். இருவருமே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அந்தப் பதிலின் ஸ்தானத்தில் இருப்பது ஒரு காகிதம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டிய 'பி' படிவத்தில் கட்சியின் அதிகாரம் பெற்றவர் யார் பெயரை எழுதிக் கையொப்பமிடுகிறாரோ அவரே அபேட்சகர். அதற்கு முன் விருப்ப மனு உண்டு, அதற்குக் கட்டணம் உண்டு, தலைமை நிலையத்தில் நேர்காணல் உண்டு. நேர்காணலில் அமர்ந்து கேள்வி கேட்பவர்கள் தலைவர்களே ஒழிய, குத்தாலத்து விவசாயியோ சீர்காழி வியாபாரியோ அல்லர். சிட்டிங் எம்.பி.க்கு மறுபடி சீட் உண்டா என்பது தொகுதியில் விசாரிக்கப்படும் விஷயமாக இல்லாமல், தொகுதிக்கு அறிவிக்கப்படும் செய்தியாக இருக்கிறது.

எனினும், தலைவர் ஒருவரின் தகுதியை அவருடைய சொந்தக் கட்சியே வாக்கெடுப்பில் நிறுத்துப் பார்த்த சரித்திரம் நமக்கு இல்லாமல் இல்லை. 1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் 375 ஸ்தானங்களில் 152 மட்டுமே பெற்றுத் தத்தளித்த காங்கிரஸை நிலைநிறுத்துவதற்காக, மேல்சபைக்கு நியமன அங்கத்தினராக வந்து முதல்மந்திரியான ராஜாஜியைச் செயற்றிறன் அற்றவர் என்று அவருடைய விரோதிகளும் சொல்லத் துணியமாட்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். நம் தஞ்சை ஜில்லாவின் குத்தகைதாரர்களை மிராசுதாரர்கள் எளிதில் நிலத்தைவிட்டு வெளியேற்றாதபடியும், பண்ணையாட்களுக்குக் கூலியை நிர்ணயித்தும் 1952 ஆகஸ்டில் அவசரச் சட்டம் பிறப்பித்தவர் அவரே. காவிரிப் படுகையில் நெடுங்காலம் கிடந்த ஓர் அநீதியின்மீது சர்க்காரின் கை விழுந்த முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. ஆனால் 1953-இல் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மற்ற நேரம் வீட்டுத் தொழிலிலும் கழிக்கும் கல்வித் திட்டத்தை அவர் கொண்டுவந்தபோது, அது குலக்கல்வி என்று வெளியிலே கண்டிக்கப்பட்டதோடன்றி, கட்சிக்குள்ளும் வரதராஜுலு நாயுடு முதலியோரால் எதிர்க்கப்பட்டது. முடிவில் ராஜாஜி விலகினார். கட்சியின் சட்டசபைத் தலைமைக்கு அவருடைய ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியமும் காமராஜரும் போட்டியிட்டு, 93-க்கு 41 என்ற கணக்கில் காமராஜர் வென்று, 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி முதல்மந்திரியானார்.

திறமை வேறு, பிரதிநிதித்துவம் வேறு என்பதை இந்த நிகழ்ச்சியைப்போல் தெளிவாகக் காட்டும் மற்றொன்றை நான் அறியேன். ஒருவர் எவ்வளவு வல்லவராயினும், தாம் யாருக்காகப் பேசுகிறாரோ அவர்களுடைய பிள்ளைகள் எதை விரும்புகிறார்கள் என்பதை அறியாமற்போனால், அந்த வல்லமையே அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. போட்டி முடிந்தபின் காமராஜர் செய்த காரியமும் கவனிக்கத்தக்கது: தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணைநின்ற பக்தவத்சலத்தையும் தம் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். உட்கட்சிப் போட்டி கட்சியை உடைத்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு அந்த மந்திரிசபையின் பெயர்ப்பட்டியலே போதிய சமாதானம்.

இனி நம் தொகுதிக்கு வருகிறேன். 1982 வரை மாயூரம் என்றே அரசாங்க ஏடுகளில் வழங்கிய இவ்வூர், 1952-இல் ரயில்வேத் தொழிலாளர் தலைவரான கம்யூனிஸ்டு ஆனந்த நம்பியாரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பின்னர் காங்கிரஸையும் தி.மு.க.வையும் மாறிமாறி ஆதரித்தது. 1984, 1989 ஆகிய இரு தேர்தல்களிலும் காங்கிரஸின் பகீர் முகம்மதைத் தேர்ந்தெடுத்தது. 1991-இல் அந்த ஸ்தானத்துக்குக் கட்சி மேலிடம் மணி சங்கர் ஐயரை நிறுத்தியது. அயல்நாட்டு சேவையில் இருந்து விலகி, ராஜீவ் காந்தியின் அணுக்கராகப் பஞ்சாயத்து ராஜ் சிந்தனையில் ஈடுபட்டிருந்த அவர், ராஜீவ் கொலையுண்டதன் பின் நடந்த அத்தேர்தலில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி வென்ற பேரலையில் வென்றார். அதன்பின் இருபத்து மூன்று ஆண்டுகள், வென்றும் தோற்றும், இந்தத் தொகுதியின் கதையும் அவருடைய கதையும் பின்னிக்கிடந்தன.

1996-இல் நடந்ததை, முதற்கட்டத் தேர்தலுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சியென்றே சொல்வேன். நரசிம்ம ராவின் தலைமை மீண்டும் அ.தி.மு.க.வோடு கூட்டுச் சேர முடிவுசெய்ததும், இதே காவிரிக்கரையின் கபிஸ்தலத்தைச் சேர்ந்த ஜி.கே. மூப்பனார், தமிழ்நாட்டுக் காங்கிரஸின் பெரும்பகுதியோடு வெளியேறித் தமிழ் மாநிலக் காங்கிரஸைத் தொடங்கினார். மயிலாடுதுறையில் அப்போது எதிரெதிரே நின்றவர்களில் இருவர், நேற்றுவரை ஒரே கொடியின்கீழ் இருந்தவர்கள்: ஒரு பக்கம் சிட்டிங் எம்.பி.யான ஐயர், மறுபக்கம் த.மா.கா.வின் பி.வி. ராஜேந்திரன். அவரே வென்றார். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்து, வயல் வரப்பில் நின்று ஊராரிடம் நியாயம் கேட்டதுபோன்ற போட்டி அது. ஆனால் மேலிடத்தின் கூட்டணி முடிவுக்கு எதிரான கோபமே அங்கே முதலில் நின்றது. த.மா.கா. 20 மக்களவைத் தொகுதிகளைப் பெற்ற அந்த வெள்ளத்தில், இந்த ஒரு பிரதிநிதி ஐந்தாண்டுகளில் என்ன செய்தார் என்பது தனித்து எடைபோடப்படவே இல்லை.

அதற்கடுத்த நான்கு முடிவுகளை ராஜ்யம் முழுவதன் முடிவுகளோடு ஒப்புநோக்குகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 1998-இல் அ.தி.மு.க. அணி 30 தொகுதிகளை வாரிக்கொண்டு போனபோது, தி.மு.க. அணிக்குக் கிட்டிய ஒன்பதில் ஒன்றாக மயிலாடுதுறை த.மா.கா.வின் கிருஷ்ணமூர்த்தியைத் தேர்ந்தெடுத்தது. 1999-இல் தி.மு.க.–பாரதிய ஜனதா அணி 26 தொகுதிகளைப் பெற்றபோது, காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த இரண்டே இடங்களில் ஒன்றாக ஐயரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2004-இல் 39-ஐயும் வென்ற அணியில் நின்று அவர் மறுபடி வென்றார், மத்திய மந்திரியானார், பஞ்சாயத்து ராஜ் இலாகா அவரிடம் ஐந்தாண்டுகள் இருந்தது. 2009-இல் தி.மு.க.–காங்கிரஸ் அணி மாநிலத்தில் 27 தொகுதிகளை வென்றிருக்க, மந்திரியாக இருந்த அவரைத் தோற்கடித்து அ.தி.மு.க.வின் ஓ.எஸ். மணியனை மயிலாடுதுறை அனுப்பியது.

ஆக, 1998, 1999, 2009 என்று மூன்று தடவை, நாடெங்கும் ஓடிய நீரோட்டத்துக்கு எதிராக இத்தொகுதி நீந்தியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. 2009-க்கு முன் நடந்த எல்லை மறுவரையறையில் குத்தாலம் சட்டசபைத் தொகுதி மறைந்து பாபநாசம் வந்து சேர்ந்தது. ஈழத்தில் போர் முடிவை நெருங்கிய வாரங்களிலேயே இங்கே வாக்குப்பதிவு நடந்தது. ஜாதிக் கணக்குகளும் இருந்தன. இவை அனைத்தையும் கழித்த பின்னும், வாக்காளன் அலையை மட்டும் பார்க்கவில்லை, ஆளையும் பார்த்தான் என்பதற்கு இந்த மூன்று முடிவுகளும் இடமளிக்கின்றன. எடைபோடும் புத்தி மக்களிடம் இருக்கிறது. தராசுதான் அவர்கள் கையில் இல்லை. ஒருவரைப் பிடிக்கவில்லையானால் அவருடைய கட்சியையே கைவிட வேண்டும். கட்சியைப் பிடித்திருந்தால் அந்த ஆளையும் சேர்த்து ஏற்க வேண்டும். அந்தக் கட்சியிலேயே இன்னொருவர் வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு வழியே கிடையாது. 2014-இல் கூட்டணியின்றித் தனித்து நின்ற காங்கிரஸ் மறுபடியும் ஐயரையே நிறுத்தி டெபாசிட்டை இழந்தது. அந்தத் தொகுதியின் காங்கிரஸ் தொண்டர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி வாக்கெடுத்திருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

செயற்றிறனை எதைக்கொண்டு அளப்பது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. 1993-இல் தொடங்கிய உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இப்போது ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய். அதில் கட்டிய பஸ் நிழற்குடையிலும் சமுதாயக் கூடத்திலும் பெயர் பொறிப்பதால், அதையே அளவுகோலாகப் பலர் கொள்கிறார்கள். ஆறு சட்டசபைத் தொகுதிகளுக்கு ஐந்து கோடி என்பது பெரிய காரியங்களுக்குப் போதாது, அது எம்.பி.யின் பிரதான கடமையும் அன்று. சட்டம் இயற்றுவதே கடமை என்றால், 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு அவர் கொறடா சொன்னபடி வாக்களிக்க வேண்டியவர். தனி அங்கத்தினர் கொண்டுவந்த மசோதா எதுவும் 1970-க்குப் பிறகு இன்றுவரை சட்டமாகவில்லை. எத்தனை கேள்விகள் கேட்டார், எத்தனை நாள் வந்தார் என்று எண்ணுகிறார்கள். எங்கள் கடைமடைப் பகுதியில் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறந்ததா என்பதைப் பத்திரிகை எழுதும். குடியானவன் தன் வாய்க்காலில் தண்ணீர் ஏறிற்றா என்பதைத்தான் பார்ப்பான். கேள்விகளின் எண்ணிக்கை அணை திறந்த செய்தி. அதன் பலன் கடைமடையில் தெரிய வேண்டும்.

அப்படிக் கடைமடையில் நின்று பார்க்கும்போது இரண்டு விஷயங்கள் என் கண்ணில் படுகின்றன. ஒன்று ஜில்லா. 1991-இல் தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் ஜில்லா பிரிந்தபோது மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்கள் அதனோடு சேர்ந்தன. நடுவே புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் கிடந்தது. கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு கொடுக்க வேண்டுமானால், தன் ஜில்லாவின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு வேற்று எல்லையைக் கடந்து போகவேண்டிய விசித்திரம் இங்குள்ள ஏழைக் குடியானவனுக்கு நேர்ந்தது. சீர்காழிக்கு வடக்கே கொள்ளிடக்கரைக் கிராமத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, மனுவைக் கொடுத்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பிய விதவைகளுக்கும் முதியோருக்கும் அந்த ஒரு நாள் கூலி எவ்வளவு பெரியது என்பதை, காரில் போகிறவர்கள் உணர்வது அரிது. வழக்கறிஞர்களும் வணிகர்களும் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2020 டிசம்பர் 28-ஆம் தேதி மயிலாடுதுறை தமிழ்நாட்டின் 38-ஆவது ஜில்லாவாயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! அது மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அத்தனை காலத்திலும் இங்கே வென்ற எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும், தாங்கள் அதற்காக எந்தக் கதவைத் தட்டினார்கள், எப்போது தட்டினார்கள் என்று தம் கட்சித் தொண்டர்களின் எதிரிலாவது சொல்லவேண்டிய கட்டாயம் ஏற்பட்டதே இல்லை.

மற்றொன்று ரயில். மயிலாடுதுறையிலிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு ஓடிய மீட்டர்கேஜ் வண்டி 1986-இல் நின்றது. அது நின்றபோது எம்.பி. காங்கிரஸ், மத்திய சர்க்காரும் காங்கிரஸ். பிறகு வந்த எல்லாக் கட்சிகளின் தேர்தல் வாக்குறுதிகளிலும் அந்தப் பாதை இருந்தது. பாதை மட்டும் வரவில்லை. தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட மேட்டிலே கருவேலம் முளைத்துப் பெருமரமாகிவிட்டது. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கென்று நாடெங்கிலுமிருந்து வருகிற தம்பதிகள் மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கி வாடகைக் கார் பேசுகிறார்கள். வருமானம் போதாது என்பது ரயில்வேயின் வாதமாக இருக்கலாம். அது சரியாகவும் இருக்கலாம். அதை ஊர் ஜனங்களுக்கு எடுத்துச்சொல்லி, வராது என்றால் வராது என்றாவது உரைக்கும் தைரியமும் செயற்றிறனில் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

காங்கிரஸ் கட்சியே 2014-இல் முதற்கட்டத் தேர்தலைச் சில தொகுதிகளில் நடத்திப் பார்த்தது. தட்சிண கன்னடத்தில் மூத்தவரான ஜனார்தன பூஜாரி தம் கட்சித் தொண்டர்களின் வாக்கைப் பெற்றே அபேட்சகரானார். வார்தாவில் சிட்டிங் எம்.பி.யின் புதல்வர் வென்றார். வடோதராவில் வென்ற நரேந்திர ராவத், அங்கே நரேந்திர மோடி போட்டியிடப்போவது தெரிந்ததும், மதுசூதன் மிஸ்திரிக்காக விலகிக்கொண்டார். பூஜாரியும் வார்தா அபேட்சகரும் பொதுத் தேர்தலில் தோற்றார்கள். முயற்சியும் அதோடு கைவிடப்பட்டது. செல்வாக்குள்ள குடும்பங்களே உறுப்பினர்களைச் சேர்த்து வாக்கைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ளும் என்ற ஆக்ஷேபம் பொய்யன்று. ஆனால் அந்த ஆண்டு அக்கட்சி நாடு முழுவதிலும் 44 இடங்களோடு வீழ்ந்தது. மேலிடம் நியமித்தவர்களும்தான் தோற்றார்கள். வறட்சியில் பட்ட கன்றைக் காட்டி விதையைக் குறைசொல்வது எந்தக் குடியானவனும் ஒப்புக்கொள்ளாத வாதம்.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குப் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்று விதிக்கிறது. அது பிராமணர் சபை. நிலமும் வீடும் உடையவர்களுக்கே அங்கே இடம். அதை நம் ஜனநாயகத்தின் மூலம் என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கணக்கு முதலில், பதவி பின்னர் என்ற அந்த வரிசையை மாத்திரம் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. கிராமத்திலே அதற்குச் சட்டமும் இருக்கிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய, கிராம சபை கூடும் நாட்களில், ஊராட்சித் தலைவர் ஊரார் நடுவே வரவுசெலவைப் படிக்கிறார். பஞ்சாயத்து ராஜ் இலாகாவை ஐந்தாண்டுகள் நிர்வகித்த மந்திரியின் தொகுதியாக இருந்த இந்த மண்ணில், மன்னம்பந்தல் ஊராட்சித் தலைவருக்கு இருக்கிற அந்தக் கடமை மக்களவை உறுப்பினருக்கு இல்லை.

2024-இல் ஆர். சுதா காங்கிரஸ் சார்பில் இங்கே வென்றார். அவருடைய காலம் முடியும்போது, அவருடைய கட்சியாயினும் வேறு எந்தக் கட்சியாயினும், சீர்காழி, மயிலாடுதுறை, பூம்புகார், திருவிடைமருதூர், கும்பகோணம், பாபநாசம் ஆகிய ஆறு பகுதிகளின் உறுப்பினர்களை, 'பி' படிவத்தில் பெயர் எழுதுவதற்கு ஒரு மாதம் முன்னால், இவ்வூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு நாள் கூட்டட்டும். மேடையில் இரண்டு நாற்காலிகள்: ஒன்று பதவியில் இருப்பவருக்கு, மற்றொன்று அவரைக் கேட்க விரும்புகிற அதே கட்சிக்காரருக்கு. முதல் கேள்வி தரங்கம்பாடி ரயிலைப் பற்றியதாக இருக்கட்டும்.